ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப்: ரேம், எஸ்எஸ்டி போட்டுத் தேற்றலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

கேள்வி இதுதான்: லேப்டாப் வாங்கி ஏழு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆன் செய்தால் உயிர் வரவே நாலைந்து நிமிடம், பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்குகிறது. ரேமைக் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) கூட்டினால் சரியாகுமா, இல்லை புதிது வாங்குவதுதான் வழியா?

முதலில் உள்ளே ஃபைல்களைச் சேமித்து வைப்பது சுற்றும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கா, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும். எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்க வைக்கிறதோ அது கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் மாற்றுங்கள், மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டதாக இருந்தால் அந்த லேப்டாப்பில் இனி காசைப் போடாதீர்கள். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்னுடையதில் 4 ஜிபி ரேம் இருந்தது. யாரைக் கேட்டாலும் ரேமைப் போடு என்றார்கள், நானும் போட்டு 8 ஆக்கினேன், ஆன் செய்தேன், திரையில் அதே வட்டம் அதே சுற்று சுற்றியது. ஒரு நாள் கடுப்பில், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு (பிராசசர்) 10 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, மெமரி பாதிகூட நிரம்பவில்லை, டிஸ்க் மட்டும் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கிறது. எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்று பார்த்தால் நொடிக்கு ஒன்றரை எம்பி! முழு மூச்சாக உழைத்து ஒன்றரை எம்பி.

காரணம் ரொம்ப எளிது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தகவலைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வேண்டியது வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் முள் அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடப்பதை நொடிக்கு நூறு தடவைகூடப் படிக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை இப்படித்தான் பொறுக்குகிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது என்பதால் சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டிகூட இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். எஸ்எஸ்டி போட்ட அன்று என் லேப்டாப் அரை நிமிடத்துக்குள் எழுந்தது. ரேமுக்குச் செலவழித்த காசு அப்போதுதான் உறுத்தியது. எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் அது சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று மாடல் விவரத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள், சில பழைய ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும்.

சரி, ரேம் எப்போது? நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மெமரி 85, 90 சதவீதத்தைத் தொட்டால் கூட்டுங்கள், இல்லையென்றால் வேண்டாம். வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து ஸ்லாட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்து பற்றவைத்திருப்பார்கள். டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற ரேம் வகைகள் இரண்டிலும் பட்டையின் ஓரத்திலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அழுத்திப் பார்க்காதீர்கள்.

அடுத்தது பிராசசர். இதை மாற்ற முடியாது, அதனால் தீர்ப்பு சொல்லும் இடம் இதுதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான். ஐ5-7200யு என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250யு என்றிருந்தால் எட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம்: முன்னதில் இரண்டு கோர், பின்னதில் நான்கு. உங்களுடையது எட்டாம் தலைமுறையாக இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன், எஸ்எஸ்டியைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டுவேன். ஏழு அல்லது அதற்குக் கீழே என்றால், பிரவுசிங், வீடியோ, டைப்பிங் அளவுக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம். என் பழையது இப்போது அப்படித்தான் ஓடுகிறது, குறையில்லை. ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பி உங்கள் பிழைப்பு இருந்தால் புதிதுக்குப் போய்விடுங்கள்.

காசைப் போடவே கூடாத நிலையும் உண்டு. மூடியைத் திறக்கும்போது கீல் பக்கம் சடசடவென்று சத்தம் வருகிறது, ஓரத்தில் பிளாஸ்டிக் பிளந்து நிற்கிறது, திரையில் கோடு விழுகிறது, சார்ஜரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறுகிறது, இதில் இரண்டு சேர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டில் இன்னொரு லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி மூன்றும் போட்டேன். மூன்றாவது மாதம் கீல் உடைந்து திரையின் கேபிளையும் இழுத்துக்கொண்டு போனது. எஸ்எஸ்டி மட்டும் பிழைத்தது, யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்திருக்கிறேன். ரேம் டப்பாவில் தூங்குகிறது, புதியதில் வேறு வகை. செலவழிப்பதாக இருந்தால் எஸ்எஸ்டியில் தொடங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பேட்டரி தேய்ந்தது தனி விஷயம், மாற்றிக்கொள்ளலாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, அன்றே நிறுத்திவிடுங்கள்.

புதிது வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. இருப்பதிலேயே மலிவானதைப் பார்த்து வாங்கினால் 4 ஜிபி ரேம், அதுவும் சால்டர் செய்தது, எஸ்எஸ்டிக்குப் பதில் அதைவிட மெதுவான இஎம்எம்சி சேமிப்பு என்று வந்து சேரும். எஸ்எஸ்டி போட்ட உங்கள் பழைய லேப்டாப் அதை ஓடவிட்டு முந்திவிடும். என் கணக்கு: எல்லாம் சேர்த்து ஆகும் செலவு, உங்களுக்குப் பிடித்த புதிய லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அப்கிரேட் வேண்டாம்.

அப்கிரேட்தான் என்று முடிவெடுத்தால் முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் ரிகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ. எல்லாம் ஒரே நீளம் போலத் தெரியும், இருக்காது. ஒரு தாளில் லேப்டாப் போல ஒரு கட்டம் வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நான் நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முடுக்கியதால் கை வைக்கும் இடத்தில் வந்த சின்ன மேடு இன்றும் உள்ளங்கையில் தட்டுகிறது.