டெக்ஸாஸின் வேளாண் ஆணையர் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

ரிக் பெர்ரியைப் பற்றிப் போன மாதம் எழுதிய குறிப்பில், அவர் டெக்ஸாஸ் ஆளுநர் ஆவதற்கு முன் எட்டு வருடம் வேளாண் ஆணையராக இருந்தார், அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நாங்கள் மூன்று தலைமுறையாக நெல் போடுகிறவர்கள். இங்கே வேளாண் அமைச்சர் யார் என்பதை முதல்வர் முடிவு செய்கிறார். நாளைக்கே துறையை மாற்றினாலும் கேட்க ஆளில்லை. விவசாயிகளே தங்கள் ஆளை நேராகத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? அந்தப் பதவி எப்படித்தான் நடக்கிறது? கொஞ்சம் விரித்து எழுதுங்கள்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், நீடாமங்கலம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு திருத்தம். அங்கே விவசாயிகள் மட்டும் கூடித் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்தில் ஓட்டு உள்ள அத்தனை பேரும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஹூஸ்டனில் பல் பிடுங்கும் டாக்டருக்கும் அதில் ஒரு ஓட்டு. ஆளுநர் (நம் கணக்கில் முதலமைச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) பெயர் மேலே இருக்கும், அதே வாக்குச்சீட்டில் கீழே எங்கோ வேளாண் ஆணையர் வருவார். ஆணையர் என்றதும் நமக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஞாபகம் வரும். இவர் முழு அரசியல்வாதி. அமெரிக்காவில் 12 மாநிலங்களில் இப்படித் தேர்தல் வைக்கிறார்கள், பெரும்பாலும் தெற்கத்தி மாநிலங்கள். மற்ற இடங்களில் நியமனம்தான்.

வேலை என்ன என்று கேட்டால் விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் உண்டு. ஆனால் நகரத்துக்காரர் கண்ணில் படுவது வேறு. 2017-இல் மகள் வீட்டுக்கு டெக்ஸாஸ் போயிருந்தபோது, மருமகன் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். பம்பின் மேல் ஒரு ஒட்டுத்தாள். அளவு சரிபார்க்கப்பட்டது, புகார் இருந்தால் கூப்பிட இந்த எண், வேளாண் ஆணையர் சிட் மில்லர். பெட்ரோலுக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மருமகனுக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பருத்தியையும் தானியத்தையும் நிறுக்கிற தராசைச் சரிபார்க்கும் பொறுப்பு வேளாண் துறையிடம் இருந்தது. அந்த வழியில் கடைத் தராசு, பெட்ரோல் பம்பு எல்லாம் அதன் கணக்கில் சேர்ந்துவிட்டன. நம்மூரில் தராசுக்கு முத்திரை போடுவது தொழிலாளர் துறை. அங்கே வேளாண்மை. ஊர் ஊராகப் பம்பு பம்பாகப் பெயர் ஒட்டிக்கொள்ள இதைவிட மலிவான வழி எந்த அரசியல்வாதிக்குக் கிடைக்கும்?

உங்கள் கேள்விக்குப் பெர்ரியைவிடப் பெர்ரி யாரைத் தோற்கடித்தார் என்பதுதான் பொருத்தமான கதை. ஜிம் ஹைடவர். 1943-இல் வடக்கு டெக்ஸாஸில் டெனிசன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பத்திரிகைக்காரர், டெக்ஸாஸ் அப்சர்வர் என்ற ஏட்டின் ஆசிரியராக இருந்தவர். கௌபாய் தொப்பி, மீசை, வாயைத் திறந்தால் நக்கல். 1982-இல் வேளாண் ஆணையர் பதவிக்கு நின்றார்.

அப்போது பதவியில் இருந்தவர் ரீகன் பிரவுன், அதே ஜனநாயகக் கட்சி. அந்தக் காலத்தில் டெக்ஸாஸில் உண்மையான போட்டி கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில்தான். பிரவுன் தனக்குத் தானே குழி வெட்டிக்கொண்டார். நெருப்பெறும்பு என்று ஒரு பீடை, தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து தெற்கு மாநிலங்களை அரித்துக்கொண்டிருந்தது. அதன் கொடுமையைக் காட்டுகிறேன் பேர்வழி என்று கேமராக்களுக்கு முன்னால் எறும்புப் புற்றுக்குள் கையை விட்டார். கடி வாங்கினார். அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனைப் பற்றிப் பேசும்போது சொல்லக்கூடாத வசைச்சொல் ஒன்றையும் வாயிலிருந்து விட்டார். ஹைடவர் ஜெயித்தார்.

இங்கேதான் நீங்கள் கேட்ட விஷயம் வருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதால் ஆளுநரால் அவரை அசைக்க முடியாது. சரி, ஆனால் அவர் யாருடைய ஆள்? 'விவசாயி' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் மாடு வளர்க்கிற பண்ணையாரும் விவசாயி. கடனில் பருத்தி போடுகிறவரும் விவசாயி. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் குனிந்து களை வெட்டுகிற மெக்சிகோ வம்சாவளிக் கூலிக்காரரை யாரும் அந்தச் சொல்லில் சேர்ப்பதில்லை. ஹைடவர் சேர்த்தார். 1985-இல் பூச்சிமருந்துக்குப் புது விதிகள் கொண்டுவந்தார். மருந்து அடித்த வயலுக்குள் எவ்வளவு நேரம் கழித்து ஆட்களை இறக்கலாம் என்று வரையறை. மருந்து அடிக்கப்போகும்போது பக்கத்தில் குடியிருப்பவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்துகொள்ள வேலையாளுக்கு உரிமை தரும் சட்டம் 1987-இல் மாநிலத்தில் வந்தது.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது இல்லையா? உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மருந்து அடித்த மறுநாள் வரப்பில் நடந்தாலே கண் எரியும். ஆள் கிடைத்த அன்றைக்குக் களை எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? டெக்ஸாஸிலும் அதே அவசரம்தான். மருந்து கம்பெனிகள், விமானத்தில் மருந்து தெளிக்கிறவர்கள், பெரிய பண்ணைக்காரர்களின் சங்கம் எல்லாரும் ஒன்று சேர்ந்தார்கள். விவசாயிகளின் பெயரில் உட்கார்ந்துகொண்டு விவசாயிகளுக்கு எதிராக வேலை செய்கிறார் என்றார்கள். 1986-இல் மறுபடியும் அவரே ஜெயித்தார். 1989-இல் அவருடைய எதிரிகள் இந்தப் பதவிக்குத் தேர்தலே வேண்டாம், ஆளுநர் நியமிக்கட்டும் என்று சட்டமன்றத்தில் முயன்றார்கள். பலிக்கவில்லை. நீங்கள் இங்கே குறை என்று சொல்கிற ஏற்பாட்டைத்தான் அவர்கள் தீர்வு என்று கேட்டார்கள்.

அதே வருடம் அவர் இன்னொரு வம்பையும் இழுத்தார். ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்த மாட்டிறைச்சி வேண்டாம் என்று ஐரோப்பா தடை போட்டது. வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு கொதித்தது. ஹைடவரோ, ஹார்மோன் போடாத இறைச்சி டெக்ஸாஸில் இருக்கிறது, நானே சான்றிதழ் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு மாநில ஆணையர் வெளிநாட்டோடு வியாபாரம் பேசுவதா என்று மத்திய அரசுக்கு எரிச்சல். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த விவசாயி மூளைதான். வாங்குகிறவன் கேட்கிற சரக்கு கையில் இருக்கும்போது கௌரவச் சண்டை எதற்கு?

1990-இல் தோற்றார். எதிரே நின்ற ரிக் பெர்ரி பருத்தி விவசாயியின் மகன், விமானப்படை விமானி. ஒரு வருடம் முன்புவரை அவரும் ஜனநாயகக் கட்சிதான். பிரச்சார ஆலோசகர், பிற்பாடு புஷ்ஷை ஜனாதிபதி ஆக்கிய கார்ல் ரோவ். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம். அதே நாளில், அதே சீட்டில், ஹைடவரின் கட்சியைச் சேர்ந்த ஆன் ரிச்சர்ட்ஸ் ஆளுநராக ஜெயித்தார். அதாவது மேலே ஒரு கட்சிக்குப் போட்ட கை, கீழே வந்ததும் மாறியிருக்கிறது.

அவரைப் புனிதராக்கி முடித்துவிடக் கூடாது. அவருக்குக் கீழே வேலை செய்த உயர் அதிகாரிகள், துறையின் ஒப்பந்தப் பணத்தைக் காட்டித் தேர்தல் நிதி திரட்டிய வழக்கில் 1993-இல் தண்டனை பெற்றார்கள். விசாரணைக்குப் பின்னால் எதிர்க்கட்சியின் கை இருந்தது என்று ஹைடவர் பக்கத்தார் சொல்வார்கள். அவர்மேல் வழக்கு இல்லை. இருந்தாலும், தேர்தல் என்று வந்தால் செலவு வரும், செலவு என்றால் யாரிடமாவது கை நீட்ட வேண்டும். வேளாண் ஆணையருக்கு யார் பணம் கொடுப்பார்கள்? அந்தத் துறையின் கண்காணிப்பில் இருக்கிறவர்கள்தான் முதலில் வருவார்கள். களை வெட்டுகிறவர் கொடுக்கப்போவதில்லை. அவர்களில் பலருக்கு ஓட்டே கிடையாது.

பெர்ரி எட்டு வருடம் இருந்தார், பிறகு துணை ஆளுநர், 2000 டிசம்பர் முதல் ஆளுநர். 2011-இல் ஜனாதிபதி வேட்பாளர் விவாத மேடையில், நான் ஒழிக்கப்போகும் துறைகள் மூன்று என்று ஆரம்பித்து மூன்றாவதன் பெயரை மறந்து விழித்தாரே, அதே ஆள். மறந்தது எரிசக்தித் துறை. 2017-இல் அதற்கே அமைச்சர் ஆனார்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: நேரடித் தேர்தல் ஒரு ஹைடவரை உள்ளே கொண்டுவந்தது, எட்டு வருடம் காப்பாற்றியது, அப்புறம் அதுவே வெளியே அனுப்பியது. உள்ளே வர எதிராளியின் வாய்த்துடுக்கு உதவியது. வெளியே போவதற்கு, அந்தப் பதவியைப் பற்றி உண்மையிலேயே அக்கறை கொண்ட கொஞ்சம் பேர் போதுமானதாக இருந்தார்கள். மற்றவர்களுக்கு அது பெட்ரோல் பம்பில் ஒட்டிய பெயர்.

அந்த ஒட்டுத்தாளும் இப்போது இல்லை. 2020 செப்டம்பரிலிருந்து டெக்ஸாஸின் பெட்ரோல் பம்புகளைச் சரிபார்க்கும் வேலையை உரிமம் வழங்கும் வேறொரு துறைக்கு மாற்றிவிட்டார்கள். மருமகனிடம் சொன்னேன். அப்படியா, கவனிக்கவில்லையே என்றார்.