அமெரிக்காவில் மாநிலம் மாறினால் ஹெல்த் இன்ஷூரன்ஸ் சட்டமும் மாறுமா? தனியாக எடுப்பதா, கம்பெனி பெயரில் எடுப்பதா?

கேள்வி: டெக்சாஸில் வேலையை விட்டுவிட்டு நியூ ஜெர்சிக்கு வருகிறோம். நானும் மனைவியும் சின்னதாக ஒரு கன்சல்டிங் கம்பெனி தொடங்கப்போகிறோம். இன்ஷூரன்ஸைக் குடும்பத்துக்குத் தனியாக எடுப்பதா, கம்பெனி பெயரில் குரூப்பாக எடுப்பதா? அம்மாவையும் கிரீன் கார்டில் அழைத்துவர எண்ணம்.

பதில்:

நியூ ஜெர்சியில் சின்ன கம்பெனி நடத்துகிறேன். வருடா வருடம் நவம்பரில் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்களும் மனைவியும் மட்டும்தான் கம்பெனி என்றால் குரூப் பாலிசி என்ற பேச்சுக்கே இடமில்லை. முதலாளியும் அவருடைய கணவன் அல்லது மனைவியும் இந்தக் கணக்கில் ஊழியர்களாக எண்ணப்படுவதில்லை. உங்கள் இருவரையும் தவிர, பேரோலில் சம்பளம் வாங்கும் ஒருவராவது இருக்கவேண்டும். அப்படி ஒருவர் வந்துவிட்டால், 50 பேர் வரை நியூ ஜெர்சியில் நீங்கள் ‘சிறு குழு’. கலிஃபோர்னியா, நியூயார்க்கில் இந்த எல்லை 100. 2016 முதல் நாடு முழுக்க 100 ஆக்குவதாகத்தான் ஒபாமாகேர் எனப்படும் மத்திய இன்ஷூரன்ஸ் சட்டத்தில் இருந்தது. 2015-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, முடிவை மாநிலங்களிடமே விட்டுவிட்டது.

இன்ஷூரன்ஸை ஒழுங்குபடுத்துவது மாநிலத்தின் வேலை என்று 1945-லேயே சட்டம் இருக்கிறது. 2014-ல் நடைமுறைக்கு வந்த ஒபாமாகேர் விதிகள் அதன் மேல் ஓர் அடிப்படை வரம்பைப் போட்டன. நோய் இருக்கிறது என்று மறுக்கக்கூடாது, அதைக் காட்டி விலை ஏற்றவும் கூடாது. வயது, ஊர், புகையிலைப் பழக்கம், எத்தனை பேர் என்ற நான்கை மட்டும் வைத்துத்தான் பிரீமியம் போடவேண்டும். வயதான ஒருவரிடம் 21 வயதுக்காரரைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. இதைவிடக் கடுமையாக மாநிலம் விதி போட்டுக்கொள்ளலாம், தளர்த்தத்தான் கூடாது.

நியூ ஜெர்சி புகையிலைக்குக் கூடுதல் வாங்க விடுவதில்லை. விலைக்கு மாநிலம் முழுக்க ஒரே மண்டலம்தான், எடிசனில் இருந்தாலும் கேம்டனில் இருந்தாலும் ஒன்றே. டெக்சாஸில் அப்படி 27 மண்டலங்கள். ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் போனால் வயதுக்கே விலை வித்தியாசம் கிடையாது. 25 வயதுக்காரரும் 60 வயதுக்காரரும் ஒரே பாலிசிக்கு ஒரே தொகை. இளைஞருக்கு அது நஷ்டம், வயதானவருக்கு லாபம். தனிநபர் பாலிசிக்கு நீங்கள் குடியிருக்கும் மாநிலம்தான் கணக்கு. குரூப் பாலிசிக்குக் கம்பெனி இருக்கும் இடம். எங்கே வீடு, எங்கே ஆபீஸ் என்பதை இதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

டெக்சாஸில் இல்லாத இன்னொன்று, இங்கே இன்ஷூரன்ஸ் கட்டாயம். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு இருந்த அபராதத்தை மத்திய அரசு 2019 முதல் பூஜ்யமாக்கியது. அதே வருடம் நியூ ஜெர்சி தன் சொந்த அபராதத்தைக் கொண்டுவந்தது. மாநில வருமான வரி தாக்கல் செய்யும்போது அது வந்து நிற்கும். இந்த மாநிலம் சூடு கண்ட பூனை. யாரையும் மறுக்கக்கூடாது என்ற விதியை 1990-களிலேயே கொண்டுவந்தார்கள், ஆனால் எல்லாரும் எடுத்தாகவேண்டும் என்று சொல்லவில்லை. ஆரோக்கியமாக இருந்தவர்கள் விலகினார்கள், மீதி இருந்தவர்களுக்கு பிரீமியம் ஏறியது, அதைப் பார்த்து இன்னும் பலர் விலகினார்கள்.

சரி, ஆள் எடுத்து குரூப் பாலிசி போடுவதென்றால் இங்கே இரண்டு நிபந்தனைகள். பிரீமியத்தில் குறைந்தது 10 சதவீதம் கம்பெனி கட்டவேண்டும். தகுதியுள்ளவர்களில் 75 சதவீதம் பேர் சேரவேண்டும். நாலு பேர் இருந்தால் மூன்று பேர். கணவன் அல்லது மனைவியின் ஆபீஸ் பாலிசியில் இருப்பவர்களையும் சேர்ந்தவர்களாகவே எண்ணுவார்கள், அதனால் நம்மவர்கள் கம்பெனிகளில் இது பெரும்பாலும் தேறிவிடும். தேறாவிட்டாலும் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை விண்ணப்பித்தால் இந்த இரண்டையும் காட்டி மறுக்க முடியாது. இது மத்திய விதி. என்னிடம் வந்த புரோக்கர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ரொக்கம் தரும் பாலிசியை முழு இன்ஷூரன்ஸ் போலப் பேசி விற்கப் பார்த்தார்.

ஊழியருக்கு நல்லது செய்கிறோம் என்று குரூப் போடும்முன் ஒன்றை யோசியுங்கள். கட்டுப்படியாகும் விலையில் நீங்கள் பாலிசி கொடுத்தால், அந்த ஊழியர், தனிநபர் பாலிசி விற்கும் மாநிலத்தின் ‘கெட் கவர்ட் என்ஜே’ இணையதளத்தில் வாங்கும் பிரீமிய மானியத்தை இழப்பார். சம்பளம் குறைவான ஊழியருக்கு உங்கள் குரூப்பைவிட மானியமே லாபமாக இருக்கலாம். 50 முழுநேர ஊழியர்களுக்குக் கீழே இருக்கும் கம்பெனி இன்ஷூரன்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்திய சட்டம் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

பெரிய கம்பெனியில் இருக்கும் நண்பருக்கு ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) செலவு கிடைக்கிறதே, நமக்கு ஏன் இல்லை என்றும் பிறகு கேட்பீர்கள். நியூ ஜெர்சியில் அந்தக் கட்டாயம் 50 பேருக்கு மேல் உள்ள குரூப்களுக்குத்தான். மருத்துவச் செலவைத் தானே ஏற்கும் பெரிய நிறுவனங்களை ஊழியர் நலத் திட்டங்களுக்கான 1974-ன் மத்திய சட்டமான ஈரிசா, மாநில இன்ஷூரன்ஸ் விதிகளிலிருந்தே விலக்கிவிட்டது. அவர்கள் கொடுத்தால் அது அவர்கள் விருப்பம்.

இப்போதைக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால் தனிநபர் பாலிசிதான் எடுப்பேன். வேலை போய் பழைய கவரேஜ் முடிந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டால் நவம்பர் 1 வரை காத்திருக்க நேரலாம். வேலையை விட்ட பிறகும் பழைய ஆபீஸ் பாலிசியைச் சொந்தச் செலவில் தொடரவிடும் கோப்ராவில் போவதானால், அந்தப் பாலிசியின் நெட்வொர்க்கில் நியூ ஜெர்சி டாக்டர்கள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அம்மா விஷயம். எந்தப் பாலிசி எடுத்தாலும் பெற்றோரைப் பொதுவாக அதில் சேர்க்க முடியாது. கிரீன் கார்டு இருந்தால் மாநிலத் தளத்தில் அவர் பெயரில் தனியாக எடுக்கலாம். 65 வயதும், தொடர்ந்து ஐந்து வருட வாசமும் ஆன பிறகு பிரீமியம் கட்டி, முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரில் சேரலாம். அதுவரை அவருக்கு இங்கே 21 வயதுப் பிள்ளையைப் போல மூன்று மடங்கு வரை விலை. உங்கள் வரிக் கணக்கில் அவரைச் சார்ந்தவராகக் காட்டினால் மானியம் உங்கள் குடும்ப வருமானத்தை வைத்தே முடிவாகும். அதனால் விமான டிக்கெட் போடும்முன் வரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.