தொடைச் சதையை எடுத்தால் நல்ல காலுக்கு ரத்தம் குறைந்துவிடுமா?

நீங்கள் கேட்டது இது: பர்மாவின் பெகுவில் மோட்டார் சைக்கிள் விபத்து. அப்பாவுக்கு வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு வெளியே தெரிகிறது. இடது தொடையிலிருந்து சதையும் தோலும் எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் ரங்கூன் டாக்டர். "இருக்கிற நல்ல காலையும் கெடுத்துவிடுவார்கள்" என்று சித்தப்பா தடுக்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, சுருட்டும் உண்டு.

ரங்கூனில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் வேலை பார்க்கிறேன். சித்தப்பாவின் பயம் பெரும்பாலும் வீண். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது.

மேல்தோலை மட்டும் சீவி ஒட்டினால் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். சவ்வு உரிந்த வெற்றெலும்பில் அந்தத் தோல் பிடிக்காது. முழங்காலுக்குக் கீழே என்றால் கெண்டைச் சதையைத் திருப்பி மூடலாம். கணுக்கால் பக்கம் அப்படித் திருப்பப் போதுமான சதை கிடையாது. அதனால்தான் தொடைக்குப் போகிறார்கள்.

இடுப்பிலிருந்து இறங்கும் பெரிய தமனி, கவட்டைக்குச் சற்றுக் கீழே ஆழமான ஒரு கிளையைப் பிரித்து விடுகிறது. தொடைச் சதைக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இந்தக் கிளைதான். முழங்காலுக்குக் கீழே போகும் ரத்தம், நேராக இறங்கும் பெரிய தமனியின் வழியே போகிறது. ஆழக்கிளையிலிருந்து வெளிப்பக்கமாக வளையும் குழாயின் இறங்கு கிளை, முன்தொடைத் தசைகள் இரண்டுக்கு நடுவே இறங்கி, தோலுக்கு மெல்லிய குழாய்களை அனுப்புகிறது. 1984இல் சீன மருத்துவர்கள் விவரித்த முறை, தோலையும் சதையையும் இந்தக் கிளையோடு சேர்த்தே எடுப்பதை நம்பித்தான் நடக்கிறது. இடுப்பெலும்பின் முன்முனைக்கும் முழங்கால் சில்லின் வெளிமேல் மூலைக்கும் ஒரு கோடு போட்டு, அதன் நடுப்புள்ளியைச் சுற்றி 3 செ.மீ. ஆர வட்டத்துக்குள் டாப்ளரால் (ரத்த ஓட்டத்தை ஒலியால் கண்டுபிடிக்கும் கருவி) தேடினால் அந்தக் குழாய்கள் பெரும்பாலும் அகப்படும். பல நேரம் அவை தசைக்குள் புகுந்து வருவதால், உரித்தெடுக்கத்தான் பொறுமை வேண்டும்.

எடுக்கும் துண்டு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்தக் குழாயில் தொங்குகிறது என்பதே முக்கியம். 1981இல் மேத்ஸ், நஹாய் என்ற பிளாஸ்டிக் சர்ஜன்கள் இருவரும் ரத்த ஓட்டத்தை வைத்துத் தசைகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். உள்தொடையில் இருக்கும் கிராசிலிஸ் என்ற தசைக்கு ஒரு பெரிய குழாய், சில சிறியவை. சிறியவற்றை வெட்டினாலும் பெரியதை நம்பித் தசை பிழைக்கும். பக்கத்திலேயே ஓடும் சார்ட்டோரியஸ் என்ற தசைக்குத் துண்டுதுண்டாகப் பல சின்னக் குழாய்கள். அதை முழுசாகப் பெயர்த்தால் பாதி செத்துப்போகும்.

இனி சித்தப்பாவின் நியாயம். சர்க்கரையும் புகையிலையும் சேர்ந்த காலில் தொடையின் பெரிய தமனி அடைத்திருக்கலாம். மெயின் ரோடு அடைத்தால் சந்து வழியாகப் போவதுபோல, அப்போது இதே இறங்கு கிளைதான் முழங்கால் பக்கக் குழாய்களோடு சேர்ந்து கீழ்க்காலுக்கு ரத்தம் கொண்டுபோகும். அதை எடுத்தால் பாதம் ஆபத்தில் மாட்டும். இடது பாதத்தில் நாடி கிடைக்கிறதா, சந்தேகமிருந்தால் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுப்பார்களா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இதைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

நாடி நன்றாக இருந்தால் இழப்பு சிறியது: தொடையில் நீளத் தழும்பு, வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகலாம். சுமார் 8 செ.மீ. அகலம்வரை நேராகத் தைத்துவிடலாம். அதற்கு மேலென்றால் அங்கேயும் தோல் ஒட்ட வேண்டிவரும். குழாயோடு ஓடும் நரம்பைக் காப்பாற்றிவிட்டால் முழங்கால் நீட்டும் பலம் பெரிதாகக் குறையாது.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். வைத்த சதை வெளுத்துக் குளிர்ந்தால் தமனியில் கோளாறு. நீலம் பாரித்து வீங்கினால் சிரையில். நடுராத்திரி என்றாலும் நர்ஸை எழுப்புங்கள். சீக்கிரம் திரும்பத் திறந்தால் பல சமயம் காப்பாற்றலாம். சுருட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், நிக்கோட்டின் குழாயைச் சுருக்கும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அன்போடு புகையிலை வைத்த வெற்றிலைப் பொட்டலம் கொண்டுவருவார்கள். வார்டு வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.