அழுவது அவிசுவாசமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. சபையார் வரும்போதெல்லாம், "அம்மா கர்த்தரோடு இருக்கிறார், விசுவாசிகள் அழலாமா?" என்று கேட்கிறார்கள். அவர் கர்த்தரோடு இருப்பதை நானும் நம்புகிறேன். ஆனால் முழங்காலில் நின்றால் ஒரு சொல்கூட வருவதில்லை, அழுகைதான் வருகிறது. என் விசுவாசம் அவ்வளவுதானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சபையார் மனதில் இருப்பது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதாக இருக்கலாம். அவர் துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதிருங்கள் என்றார். லாசருவின் சாவுக்கு இயேசுவே கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போகிறவர் அவர்!

பழைய திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்கா 387ஆம் ஆண்டில், ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தார். அவர் கண்களை மூடிய மகன், தன் கண்ணீரை வலிந்து அடக்கிக்கொண்டார். பேரன் வாய்விட்டுக் கதறியபோது சுற்றியிருந்தவர்கள் அவனையும் அடக்கினார்கள். (உங்கள் சபையாரின் கட்சி அன்றே இருந்திருக்கிறது.) அடக்க ஆராதனையிலும் அகஸ்டின் அழவில்லை. குளித்துப் பார்த்தார், கசப்பு வியர்வையோடு வெளியேறவில்லை. தூங்கி எழுந்து, படுக்கையில் தனியாக இருந்தபோதுதான் உடைந்தார். ஆயரான பிறகு இதையெல்லாம் மறைக்காமல் எழுதியும் வைத்தார். திருச்சபை அவரை விசுவாசம் குறைந்தவராகக் கருதவில்லை.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஆள் அகஸ்டின் அல்ல, எவோதியுஸ் என்ற நண்பர். பையனின் அழுகை ஓய்ந்ததும் அவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. சங்கீதப் புத்தகத்தை எடுத்து, "இரக்கத்தையும் நியாயத்தையும் குறித்துப் பாடுவேன்" என்று தொடங்கினார். வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். நெஞ்சு அடைத்துப்போன மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். விசுவாசம் தரும் ஆறுதல் என்று நான் நினைப்பது இதைத்தான். நம் நாக்கு எழாதபோது ஜெபம் நின்றுவிடுவதில்லை. இன்னொருவர் முதல் வரியை எடுத்துக்கொடுப்பார். அழுதுகொண்டே பின்பாடலாம், வெறுமனே உட்கார்ந்தும் இருக்கலாம். தனியாக முழங்காலில் நின்று உங்களை நீங்களே பரீட்சை செய்துகொண்டிருப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சபையார் மறுபடி வந்தால், அறிவுரைக்குப் பதில் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் 88ஆம் சங்கீதத்தைக் கேட்பேன். "ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?" என்று கர்த்தரிடமே முறையிட்டு, இருளிலேயே முடிகிற பாட்டு அது, ஒரு சமாதான வரிகூடக் கடைசியில் கிடையாது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வாசிக்க அவர்கள் தயங்கினால், புத்தகத்தை வாங்கி நீங்களே வாசியுங்கள்.