கண்ணாடிக்குள் நிற்கும் அந்த இரண்டு பேர்: ஆர்னோல்ஃபினி ஓவியம் பற்றிக் கேள்வி பதில்

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ஆர்னோல்ஃபினி தம்பதி ஓவியம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஓவியக் கல்லூரியில் கலை வரலாறு நடத்திய காலத்தில் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பை இந்தப் படத்தோடுதான் தொடங்குவேன். அதனால் சில பதில்கள் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு: இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜ் நகரில் வாழ்ந்த ஓவியர் யான் வான் ஐக் 1434-இல் ஓக் பலகையில் வரைந்தது. ஓர் அறை. இடது பக்கம் பெரிய கறுப்புத் தொப்பியும் மென்மயிர் மேலங்கியும் அணிந்த ஆண். வலது பக்கம் பச்சை உடையில் ஒரு பெண். அவர் கையில் அவள் கை. காலடியில் நாய்க்குட்டி, பின்சுவரில் வட்டக் கண்ணாடி, மேலே பித்தளைத் தொங்குவிளக்கு.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): டீச்சர், இரண்டு பேர் சும்மா நிற்கிறார்கள். கதை இல்லை, சண்டை இல்லை. இதை ஏன் 600 வருடமாக விடாமல் பார்க்கிறார்கள்?

நல்ல கேள்வி தம்பி. நேராகப் பின்சுவருக்குப் போங்கள். அங்கே இருப்பது குவி ஆடி. பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி மாதிரி, அறை முழுவதையும் வளைத்துத் தனக்குள் சுருட்டிக்கொள்கிறது. தம்பதியின் முதுகு தெரிகிறது, ஜன்னல் தெரிகிறது. அவர்களுக்கு இடையில், கதவருகில், இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் நீல உடை, ஒருவர் சிவப்பு உடை. அவர்கள் நிற்கும் இடம் எது? படத்துக்கு முன்னால் நீங்கள் நிற்கும் அதே இடம்.

அந்தக் கண்ணாடிக்கு மேலே, சுவரிலேயே எழுதியது போல, லத்தீனில் ஒரு வரி: “யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434.” மற்றப் படங்களின் சட்டத்தில் அவர், படமே பேசுவது போல, “யான் என்னைச் செய்தார்” என்று எழுதுவார். இங்கே “செய்தார்” இல்லை, “இருந்தார்”. ஓவியர் வேலையைக் காட்டவில்லை, தான் அந்த அறையில் இருந்ததைச் சொல்கிறார். அவர் நின்ற இடத்தில் இன்று நாம் நிற்கிறோம். ஆளை அறைக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் படம் இது. பார்க்கிறவருக்கென்று உள்ளே ஓர் இடம் காலியாக இருக்கிறது. என்னைக் கேட்டால், மற்ற ரகசியம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அளவையும் மனதில் வையுங்கள். மொத்தப் படமே 82 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம். கண்ணாடியின் சட்டத்தைச் சுற்றி பத்துச் சிறு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஏசுவின் பாடுகளிலிருந்து ஒரு காட்சி. ஒரு வட்டம் விரல் நகம் அளவுதான் வரும்.

கேள்வி (வாசகி, கோவை): அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாளா?

இல்லை. நிறையத் துணியை இடுப்புக்கு மேலே உயர்த்திக் கட்டி, முன்பக்கத்தை அள்ளி வயிற்றோடு பிடித்துக்கொள்வது அந்தக் காலத்து நாகரிகம். துணி எவ்வளவு அதிகமோ அவ்வளவு வசதியான வீடு என்று அர்த்தம். இதே வான் ஐக் வரைந்த ஒரு மூன்று பலகை ஓவியம் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் இருக்கிறது. அதில் புனித கேத்தரினுக்கும் இப்படித்தான் வயிறு முன்தள்ளித் தெரியும். கேத்தரின் கன்னிப் புனிதை. அவளைக் கர்ப்பிணி என்று எந்த ஓவியனும் வரைய மாட்டான்.

கேள்வி (ஓவியம் பழகுபவர், புதுச்சேரி): எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தவர் வான் ஐக்தானே?

இது, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய இத்தாலியர் வசாரி 16-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த கதை. ஆப்கானிஸ்தானில் பாமியான் குகைச் சுவர்களில் 7-ஆம் நூற்றாண்டிலேயே உலரும் எண்ணெயில் குழைத்த வண்ணம் பூசியிருக்கிறார்கள். வான் ஐக் எண்ணெயைக் கண்டுபிடிக்கவில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று காட்டினார்.

முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம் தொட்ட உடனே காய்ந்துவிடும். ஆளி விதை எண்ணெய் மெதுவாகக் காயும், மெல்லிசாகப் பூசினால் கண்ணாடித்தாள் மாதிரி ஊடே தெரியும். பலகைக்கு முதலில் சாக்பீஸ் பொடியும் பசையும் கலந்து வெள்ளை அடி பூசுகிறார். அதற்கு மேல் ஒளி ஊடுருவும் வண்ணம், படலம் படலமாக. விழும் வெளிச்சம் அந்தப் படலங்களுக்குள் நுழைந்து, வெள்ளை அடியில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் பச்சை உடை உள்ளே விளக்கு வைத்தது போல இருக்கிறது. அந்தப் பச்சை, நம் வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் களிம்பின் வகைதான்.

ஒரு வேண்டுகோள். இணையத்தில் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றிவிட்ட பிரதிகளைப் பார்த்து வண்ணம் பழகாதீர்கள். கேலரியே தன் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் படம் வைத்திருக்கிறது. அதைப் பாருங்கள்.

கேள்வி (ஆசிரியை, நாகர்கோவில்): நாய் என்றால் விசுவாசம், ஒற்றை மெழுகுவத்தி என்றால் கடவுள், ஆரஞ்சு என்றால் ஏவாளின் கனி. என் பட்டியல் சரிதானா மேடம்?

மன்னிக்கவும், இந்தப் பட்டியல் வழக்கத்தையே விடச் சொல்வேன். ஒரு பொருளுக்கு ஓர் அர்த்தம் என்று அகராதி போட்டால், பொருளைப் பார்ப்பது அதோடு நின்றுவிடும். ப்ரூஜில் ஆரஞ்சு விலை கூடிய இறக்குமதிப் பழம். ஜன்னலோரம் அது கிடப்பதே வீட்டின் செழிப்பைச் சொல்லும். நாற்காலி முனையில் செதுக்கியிருக்கும் பெண், பிரசவத்துக்குக் காவலான புனித மார்கரெட்டாக இருக்கலாம். அதற்கு இடம் உண்டு. நாய் நாயாகவே இருக்கட்டும். அதன் முடியை ஒவ்வொரு இழையாகப் போட்டிருக்கிறார், அதைப் பாருங்கள்.

இன்னொன்று. அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது நாய், தொங்குவிளக்கு, நாற்காலி, ஜெபமாலை, கழற்றிப் போட்ட மரச் செருப்புகள் எதுவுமே அடிவரைவில் (வண்ணத்துக்கு அடியில் முதலில் போட்ட கோட்டுப் படத்தில்) இல்லை. வண்ணம் தீட்டும்போது சேர்த்தவை. கண்ணாடிக்குள் தேடினால் நாய் அங்கேயும் இல்லை. முதலிலிருந்தே திட்டமிட்ட சங்கேத மொழி என்றால், இத்தனை சொற்களையும் கடைசியில் வந்தா எழுதுவார்?

கேள்வி (வாசகர், காரைக்குடி): தாத்தா காலத்து ரவிவர்மா அச்சுப் படம் வீட்டில் இருக்கிறது. என்ன விலை போகும்?

விலை என் துறை இல்லை. ஈரத் துணியால் துடைக்காதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

கேள்வி (வழக்கறிஞர், சென்னை): இது கல்யாணப் பதிவு என்று படித்திருக்கிறேன். மணமக்கள், இரண்டு சாட்சிகள், கையெழுத்து, தேதி. எல்லாம் இருக்கிறதே?

இதைச் சொன்னவர் கலை வரலாற்று அறிஞர் எர்வின் பனோஃப்ஸ்கி. படம் வரைந்து சரியாக 500 வருடம் கழித்து, 1934-இல். அன்று பாதிரியார் இல்லாமல், இருவர் சம்மதம் சொன்னாலே கல்யாணம் செல்லும். அதற்குச் சாட்சிதான் இந்தப் படம் என்றார். அருமையான கட்டுரை. நானும் பல வருடம் அதையே வகுப்பில் சொன்னேன். இப்போது சொல்வதில்லை.

முதலில் கையைப் பாருங்கள். கல்யாண உறுதிமொழிக்கு வலக்கையும் வலக்கையும் சேர வேண்டும். இங்கே அவர் இடக்கையால் பிடித்திருக்கிறார். அடுத்து, தலையைப் பாருங்கள். மணப்பெண் கூந்தலை விரித்துவிட்டிருப்பாள். இவள் முடியைக் கட்டித் துணியால் மூடியிருக்கிறாள். அது ஏற்கெனவே கல்யாணமானவளின் கோலம்.

அதே வழக்கறிஞர்: மேடம், சடங்கில் சின்னக் குறை இருந்தால் ஆவணம் செல்லாமல் போய்விடாது. ஆட்கள் யார் என்று தெரிகிறதே? ஜொவான்னி ஆர்னோல்ஃபினி, ஜொவான்னா செனாமி.

சரி, ஆவணத்துக்கே வருவோம். ஜொவான்னி டி அர்ரிகோ ஆர்னோல்ஃபினிக்கும் ஜொவான்னா செனாமிக்கும் கல்யாணம் நடந்தது 1447-இல். அந்தக் குறிப்பை வரலாற்று ஆய்வாளர் ஜாக் பாவியோ 1997-இல் வெளியிட்டார். படம் 1434. வான் ஐக் இறந்தது 1441. பதின்மூன்று வருடம் கழித்து நடக்கப்போகும் கல்யாணத்துக்கு யாரும் முன்கூட்டியே சாட்சி சொல்ல முடியாது. ஆக, இந்த ஜோடி அவர்கள் இல்லை.

அந்தக் குடும்பத்திலேயே ப்ரூஜில் இன்னொரு ஜொவான்னி இருந்தார்: ஜொவான்னி டி நிக்கோலாவ் ஆர்னோல்ஃபினி. இவர்களெல்லாம் இத்தாலியின் லுக்காவிலிருந்து வந்த பட்டு வணிகர்கள். இந்த ஜொவான்னிதான் படத்தில் இருப்பவர் என்று கலை வரலாற்று ஆய்வாளர் லோர்ன் கேம்ப்பெல் சொன்னதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இவர் மனைவி கோஸ்டான்சா ட்ரென்டா.

கேள்வி (மருத்துவர், மதுரை): கோஸ்டான்சா 1433-லேயே இறந்துவிட்டாளே! அப்படியானால் படத்தில் இருப்பது யார்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1433 பிப்ரவரியில் கோஸ்டான்சாவின் அம்மா எழுதிய கடிதம் ஒன்றிலிருந்து மகள் அப்போது உயிரோடு இல்லை என்று தெரிகிறது. ஒன்று, இது ஆவணத்தில் பதிவாகாத இரண்டாம் மனைவி. கேம்ப்பெல் அந்த வழியில் போகிறார். அல்லது, இது இறந்தவளை நினைத்து வரைந்த படம். மார்கரெட் கோஸ்டர் என்ற ஆய்வாளர் 2003-இல் சொன்னது இது.

கோஸ்டரைப் படித்துவிட்டுப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். தொங்குவிளக்கில் ஆண் பக்கம் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. பெண் பக்கம் எரிந்து தீர்ந்து, மெழுகு வழிந்த அடையாளம் மட்டும் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தின் வட்டங்களிலும் ஆண் பக்கத்தில் ஏசு உயிரோடு இருக்கும் காட்சிகள், பெண் பக்கத்தில் மரணமும் உயிர்த்தெழுதலும். அவர் அவள் கையைப் பிடிக்கவில்லை, ஏந்தியிருக்கிறார். அவள் விரல்கள் அவர் உள்ளங்கையிலிருந்து நழுவப் போவது போலக் கிடக்கின்றன.

வழக்கறிஞர் மறுபடியும்: இது மட்டும் அகராதி இல்லையா? எரிந்தால் உயிர், அணைந்தால் மரணம். ஆசிரியைக்கு ஒரு நீதி, உங்களுக்கு ஒரு நீதியா?

நியாயமான அடி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாய் என்றால் விசுவாசம் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவது. மெழுகுவத்தியும் வட்டங்களும் ஒன்றை ஒன்று தாங்கி, படத்தை நடுவில் இரண்டாகப் பிரிக்கின்றன. அது படத்துக்குள்ளேயே இருக்கும் ஒழுங்கு. என் மனம் கோஸ்டர் பக்கம் சாய்கிறது. தீர்ப்பாக மட்டும் சொல்ல மாட்டேன். விளக்கே அடிவரைவில் இல்லாதது: படத்தை வரைந்துகொண்டிருக்கும்போது மனது மாறி சேர்த்த சேதியாகவும் அதைப் படிக்கலாம், வெறும் அலங்காரமாகவும் படிக்கலாம்.

மருத்துவர்: அப்போது அவள் கர்ப்பத்தில் இறந்திருக்கலாம் அல்லவா? வயிறு...

டாக்டர், நீங்களுமா? வயிறு உடையின் வேலை. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (வாசகி, சேலம்): அவள் கர்ப்பிணிதானே அக்கா?

இல்லை.

கேள்வி (புகைப்படக்காரர், ஈரோடு): கண்ணாடியை வைத்துப் பிம்பம் விழ வைத்து, அதன் மேல் வரைந்தார் என்று ஹாக்னி சொல்கிறாரே?

ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 2001-இல் சொன்னது. படத்திலிருக்கும் குவி ஆடியையே திருப்பினால் குழி ஆடியாகி, பிம்பத்தைச் சுவரில் வீழ்த்தும் என்றார். டேவிட் ஸ்டார்க் போன்ற ஒளியியல்காரர்கள் கணக்குப் போட்டு, அந்த ஆடியின் வளைவு இதற்குப் பொருந்தாது என்று மறுத்தார்கள். நான் மறுத்தவர்கள் பக்கம். அறையின் கோடுகள் ஒரே புள்ளியில் போய்ச் சேரவில்லை. கருவி வைத்து எடுத்திருந்தால் சேர்ந்திருக்கும். இது கண்ணாலும் கையாலும் கட்டிய அறை.

கேள்வி (சினிமா உதவி இயக்குநர், சென்னை): ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ படத்திலும் பின்சுவரில் கண்ணாடி இருக்கிறதே, தற்செயலா?

தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் படம் நெதர்லாந்தை ஆண்ட மார்கரெட் அரசகுமாரியிடம் இருந்தது, 1516 பொருள் பட்டியலில் வருகிறது. பிறகு ஸ்பெயின் அரச குடும்பத்துக்குப் போனது. வெலாஸ்கெஸ் வேலை பார்த்த மாட்ரிட் அரண்மனையில், அவர் 1656-இல் ‘லாஸ் மெனினாஸ்’ வரைந்த காலத்தில், இது சுவரில் இருந்தது. தினமும் நடமாடிய இடம். வெலாஸ்கெஸ் படத்துக் கண்ணாடிக்குள் தெரிவது அரசனும் அரசியும், அவர்களும் நாம் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அந்த அரண்மனை 1734-இல் எரிந்தது. படம் தப்பியது. நெப்போலியன் போர் குழப்பத்தில் ஜேம்ஸ் ஹே என்ற ராணுவ அதிகாரி கைக்கு வந்து, 1842-இல் நேஷனல் கேலரி 600 பவுண்டுக்கு வாங்கியது.

கேள்வி (வாசகர், குவைத்): அந்தப் பெண் கர்ப்பமா?

தயவுசெய்து மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், லண்டன்): ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகிறோம் அக்கா. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சந்தோஷம் தங்கச்சி. நுழைவுக் கட்டணம் கிடையாது, செயின்ஸ்பரி விங் பகுதியில் கேளுங்கள். முகங்களை விட்டுவிட்டு, கண்ணாடிக்கு இடது பக்கம் ஆணியில் தொங்கும் ஜெபமாலையில் தொடங்குங்கள். போன முறை நான் அந்த மணிகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுத்தேன். ஒவ்வொரு மணியிலும் ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கும். அந்த வெளிச்சம் மணிக்குள் புகுந்து, பின்னால் சுவரில் மங்கலாக விழும் இடத்தையும் போட்டிருக்கிறார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்: செர்ரி மரம் காய்த்திருக்கிறது, வெளியே கோடை. உள்ளே இருவரும் மென்மயிர் உடையில். பிள்ளைகளை அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குக் கடைசியில் வாருங்கள். சின்னவனைத் தூக்கிக்கொள்ளுங்கள், அவன் உயரத்துக்குத் தெரியாது. வெளியே வரும் முன் அதே கேலரியில் சிவப்புத் தலைப்பாகைக்காரர் படத்தையும் பார்த்துவிடுங்கள். வான் ஐக் 1433-இல் வரைந்தது, அவர் முகமாகவே இருக்கலாம் என்கிறார்கள். கண்ணாடிக்குள் புள்ளியாக நின்றவரை நேருக்கு நேர் பார்த்தது போல இருக்கும்.