சப்பசிகே போட்ட உருளைக்கிழங்கு: கேட்டதும் சொன்னதும்

அரை கிலோ உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு வேகவைத்து, இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு ஓரம் முறுகும் வரை புரட்டி, நான்கு பல் பூண்டு, உப்பு, மிளகு சேர்த்து, இறக்கியபின் ஒரு கைப்பிடி சப்பசிகேக் கீரையும் (கன்னடத்தில் சப்பசிகே என்பது நம் சதகுப்பைத் தழை) அரை மூடி எலுமிச்சைச் சாறும் கலந்தால் கறி தயார். பெங்களூரில் எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது இது நடக்கும். செய்து பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஜெயநகர் வாசகி: அம்மா, குக்கரில் இரண்டு விசில் விட்டேன். வாணலியில் போட்டதும் எல்லாம் மசியலாகிவிட்டது. எங்கே தவறு?

குக்கரில்தான். முழுக் கிழங்கை மசாலாவுக்கு வேகவைக்கக் குக்கர் நல்லது. துண்டு போட்ட கிழங்கை அது குழைத்துவிடும். திறந்த பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றி, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு சேர்த்து, கிழங்கைப் போட்ட பிறகு அடுப்பை ஏற்றுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் வெளிப்புறம் கரையத் தொடங்கும்போதும் நடுப்பகுதி விறைப்பாகவே இருக்கும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் சென்னையில் பிறந்த வீட்டில் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்த கிழங்கு இங்கே இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகக் கேட்டால் வியப்பதற்கில்லை. கடிகாரத்தை நம்பாமல் கத்தி முனையால் குத்திப் பாருங்கள்: தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் தூக்கும்போது துண்டு உடையக் கூடாது.

அடுத்த வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீரை வடித்தபின் கிழங்கை அதே சூடான பாத்திரத்தில் போட்டு, மூடாமல், சிறு தீயில் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். ஆவி போகப் போகத் துண்டுகளின் ஓரம் வெளுத்து, மாவு பூசியது போல் சொரசொரப்பாகும். எண்ணெயில் முறுகுவது அந்தச் சொரசொரப்புத்தான். ஈரத்தோடு வாணலிக்குப் போகும் கிழங்கு முதலில் ஆவியில் வேகும், பிறகு அடியில் ஒட்டும், அதன் பிறகு நீங்கள் கரண்டியால் சுரண்டுவீர்கள். மசியல் அப்படித்தான் உருவாகிறது.

மத்திகெரே வாசகர்: எந்தக் கிழங்கு வாங்க வேண்டும்? கடைக்காரர் எல்லாவற்றையும் நல்ல கிழங்கு என்றே சொல்கிறார்.

கடைக்காரர் வேறென்ன சொல்வார்! வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்று அளந்து கரைத்து, கழுவிய கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து மிகுந்தது, முறுகும், மசியும். மிதந்தால் நீர்ச்சத்து மிகுந்தது. வடிவம் குலையாமல் நிற்கும். இந்தக் கறிக்கு மூழ்கும் கிழங்கையே நான் விரும்புவேன். ஹாசன் பக்கத்திலிருந்து மழைக்கால அறுவடை முடிந்து ஆவணி, புரட்டாசியில் வரும் புதுக்கிழங்கு தோலை விரலால் தேய்த்தாலே உரிந்துவிடும். அதில் நீர் அதிகம் என்பதால் முறுகலை எதிர்பார்க்காமல், தோலோடு வேகவைத்து நெய்யில் புரட்டி எடுப்பது மேல்.

ஒயிட்ஃபீல்டு வாசகி: கீரை கறுத்துப் போனதோடு, பிரசவ மருந்து வாசனை வருகிறது என்று கணவர் தட்டை நகர்த்திவிட்டார்.

உங்கள் கணவரின் மூக்கைக் குறை சொல்ல முடியாது. சப்பசிகே என்று இங்கே கட்டுக்கட்டாகக் கிடைப்பது நம் சதகுப்பைதான். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் அதன் விதை சேர்வதால் நம்மவர்களுக்கு அந்த மணம் உடனே பேறுகால நினைவைக் கொண்டுவரும். திருமணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் இதைக் கீரைப் பொரியல் போலத் தொடக்கத்திலேயே எண்ணெயில் வதக்கினேன். கிழங்கு முறுகுவதற்குள் கீரை கறுந்துகள்களாகி, ஈர வைக்கோலின் வாடை அடித்தது. மாமியார் ஒன்றும் பேசாமல் ஊறுகாய் ஜாடியை எடுத்து வைத்தார்.

இந்தக் கீரையின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. சூடு ஏற ஏற இனிய பகுதி பறந்துபோய்க் கசப்பே மிஞ்சும். எனவே அடுப்பை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, அதன் பிறகே தூவ வேண்டும். கிழங்கிலிருக்கும் சூடு போதும். தூவுவதற்கு முன் செய்ய வேண்டியதும் உண்டு. கட்டை அவிழ்த்து இரண்டு மூன்று முறை அலசி (மண் நிறைய இருக்கும்), துணியில் பரப்பி நன்றாக உலர்த்தி, தடித்த தண்டை நீக்கிவிட்டு இறகு போன்ற நுனிகளை மட்டும் கூரான கத்தியால் நறுக்குங்கள். கத்தி மழுங்கலாக இருந்தால் கீரை நசுங்கி, பலகையில் பச்சைச் சாறு படியும். மணத்தில் பாதி அங்கேயே போய்விடும். முதல் முறை அரைக் கைப்பிடியோடு நிறுத்தி, மீதிக்குக் கொத்தமல்லித் தழையைச் சேருங்கள். கணவர் தட்டை நகர்த்த மாட்டார் என்றே நினைக்கிறேன்.

மும்பை மாட்டுங்காவில் மகளுடன் இருக்கும் ஒருவர்: இங்கே சப்பசிகே என்றால் யாருக்கும் புரியவில்லை.

ஷேப்பு என்று கேளுங்கள். தில்லிக்குப் போனால் சோயா என்று கேட்க வேண்டும்; சோயா பீன்ஸுக்கும் அதற்கும் உறவில்லை.

இந்திரா நகர் வாசகர்: ரோஸ்மேரியும் ஆரிகானோவும் வாங்கினால்தான் உணவகச் சுவை வருமா?

ரோஸ்மேரி நீலகிரியில் விளைகிறது; கிடைத்தால் வாங்குங்கள். அதன் இலை ஊசி போலக் கெட்டியானது, சூட்டைத் தாங்கும் என்பதால் சப்பசிகேக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, தொடக்கத்திலேயே எண்ணெயில் ஒரு கொத்தைப் போட்டு மணம் இறங்கவிட்டு எடுத்துவிட வேண்டும். ஆரிகானோவுக்குச் செலவழிக்கும் முன் மாடித் தொட்டியைப் பாருங்கள். இருமலுக்குக் கசாயம் வைக்கிறோமே ஓமவல்லி, கன்னடத்தில் தொட்டபத்ரே, அதன் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் என்ற பொருளே ஆரிகானோவிலும் இருக்கிறது. அரை கிலோவுக்கு மூன்று இலை போதும். இலை சதைப்பற்றாக இருப்பதால் பொடியாக நறுக்கி, எண்ணெயில் நீர் வற்றும் வரை வதக்கிவிட்டுக் கிழங்கைச் சேருங்கள். நான்காவது இலையைப் போட்டால் கறி கசாயமாகிவிடும். காய்ந்த தழை என்றால் பச்சைத் தழையின் அளவில் மூன்றில் ஒரு பங்கு.

அல்சூர் வாசகி: பூண்டு கருகிக் கசக்கிறது. அமாவாசையன்று பூண்டே இல்லாமல் செய்யலாமா?

கிழங்கு முறுகியபின், கடைசி இரண்டு நிமிடத்தில் பூண்டைச் சேருங்கள். பூண்டில்லாத நாளில் எண்ணெயில் கட்டிப் பெருங்காயம் சிறு துண்டு பொரித்தால் போதும்.

பனசங்கரி வாசகி: குளிர்பெட்டியில் வைத்த கிழங்கு தித்திக்கிறது, வேகுமுன்பே கருஞ்சிவப்பாகிறது.

குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சர்க்கரை சூட்டில் விரைவாகக் கறுக்கும். காற்றோட்டமான கூடையில், இருட்டான மூலையில் வையுங்கள், வெங்காயத்தோடு சேர்க்காதீர்கள். வட இந்தியக் கிழங்கு குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவதும் உண்டு என்பதால் கடையில் வாங்கியதே தித்தித்தால், ஒரு வாரம் வெளியில் வைத்தால் தித்திப்பு ஓரளவு குறையும். இருட்டு என்று சொன்னதற்குக் காரணம், வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அத்துடன் சோலனின் என்ற நச்சும் கூடும். அது கொதிக்கவைத்தாலும் போகாது. சிறிது பச்சை என்றால் ஆழமாகச் சீவி முளையைத் தோண்டி எடுங்கள். உள்ளே வரை பச்சை என்றாலோ, கசந்தாலோ குப்பைக்குத்தான்.

ஹெப்பால் வாசகர்: வாணலிக்குப் பதில் ஓடிஜி என்னும் மின்சார அடுப்பு?

தாராளமாக. 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, மேலே சொன்னபடி உலர்த்திய கிழங்கை எண்ணெயில் பிசறி, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு அடுக்கி, முப்பத்தைந்து நிமிடம். நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். நெருக்கி அடுக்கினால் மீண்டும் ஆவியில்தான் வேகும். கீரையைத் தட்டில் மாற்றிய பிறகே தூவ வேண்டும் என்பது இங்கும் பொருந்தும்.

மல்லேஸ்வரம் வாசகி: பிள்ளைகளுக்கு மதிய டப்பாவில் கொடுத்தால் நொளுநொளுத்துவிடுகிறது, அம்மா.

மூடிய டப்பாவில் எந்த முறுகலும் பன்னிரண்டு மணிவரை தாங்காது. எலுமிச்சையைத் தவிர்த்து, கிழங்கை முழுவதும் ஆறவிட்டு மூடுங்கள். தயிர்சாதத்தின் மேல் வைக்காமல் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். கீரையை மட்டும் காகிதத்தில் மடித்து வைத்துப் பார்த்தேன். என் பேரன் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தான்.