முதுகில் கத்தி வைத்தால் படுக்கைதானா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. சொந்தமாகத் தறி ஓட்டுகிறார். பாவு பீமை (நூல் சுற்றிய கனமான உருளை) தூக்கும்போது இடுப்பு பிடித்தது, இரண்டரை மாதமாக இடது கால் பெருவிரல் வரை வலி இழுக்கிறது. எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். "முதுகுல கத்தி வெச்சா அப்புறம் படுக்கைதாஞ் சாமி" என்று மாமியார் பயப்படுகிறார். பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும்?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: உங்கள் அத்தையின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடந்துவிடுகிறார்கள். கிருமித்தொற்றோ நரம்பில் காயமோ ஏற்படவே ஏற்படாது என்று சொல்ல முடியாது, எப்போதாவது ஏற்படும்.

அதைவிட முக்கியமானது, இதை முக்கியமாகக் கால் வலிக்காகத்தான் செய்கிறார்கள். பிதுங்கிய துண்டை எடுத்ததும் காலில் இழுப்பது சீக்கிரம் விடும், ஆனால் தேய்ந்த டிஸ்க் அங்கேயேதான் இருக்கும், அதனால் இடுப்புவலி கொஞ்சம் மிஞ்சலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் பின்னால் 'காசு போச்சு, வலி போகல' என்று நொந்துபோகிறார்கள்.

நீங்கள் கேட்ட பத்து வருஷக் கணக்கை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார்த்திருக்கிறார்கள். முக்கியமான தொந்தரவு குறைந்ததாகச் சொன்னவர்கள் ஆபரேஷன் செய்தவர்களில் 69 சதவீதம், செய்யாமல் சமாளித்தவர்களில் 61. வலி முழுக்கவோ பெருமளவோ விட்டது என்றவர்கள் முறையே 56, 40 சதவீதம். வேலைக்குப் போவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் செய்தவர்களில் நாலில் ஒருவருக்கு இடுப்பில் மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது, இதை மட்டும் மனதில் வையுங்கள். நெதர்லாந்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் செய்தவர்கள், பொறுத்துப் பார்த்தவர்கள் இருவரிலும் ஒரு வருஷத்தில் 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். முதல் தரப்பு வேகமாகத் தேறியது, பொறுத்தவர்களிலும் பத்துக்கு நாலு பேர் கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் போனார்கள்.

அதனால் வாராவாரம் வலி குறைந்துகொண்டே வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், பிதுங்கிய துண்டு தானாகவே சுருங்குவதும் உண்டு. ராத்திரி தூக்கமில்லை, தறிப் பக்கம் நிற்கக்கூட முடியவில்லை என்றால் இரண்டரை மாதம் பொறுத்ததே போதும், தைரியமாகச் செய்துகொள்ளட்டும்.

இன்றைக்கே ஒன்று பாருங்கள். அவரை இடது கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி உங்கள் விரலால் அமுக்குங்கள். வலது காலைவிடச் சுலபமாக மடங்கினாலோ, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றாலோ நரம்பு பலம் இழக்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முதுகில் ஏறி மிதித்து எடுத்துவிடுகிறேன் என்பவர்களிடம் தயவுசெய்து கூட்டிப்போகாதீர்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்க நடக்க நல்லது. ஆனால் பாவு பீமைத் தூக்க ஆள் வையுங்கள், கூலி போனால் போகட்டும். பீடி, சிகரெட் இருந்தால் விடச் சொல்லுங்கள், அது டிஸ்க்கையும் கெடுக்கும். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.